வாசகனிடம் ஒப்படைத்த கணக்கு

மேல்பட்டாம்பாக்கம் ரயில் நிலையத்து நடைமேடையில் மாலை வேளைகளில் கூடிப் புத்தகங்களைப் பற்றிப் பேசுவது எங்கள் வழக்கம். அண்மையில் அங்கே எழுந்த ஒரு வினாவே இக்கட்டுரைக்குக் காரணம். நிலவுக்கு மனிதன் போய்த் திரும்பி அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அங்கே போகும் வழியைத் தவறாக ஊகித்த பழைய விண்வெளி நாவல்களை இன்னும் ஏன் படிக்க வேண்டும் என்று கேட்டார் இளைய நண்பர் ஒருவர். பழமைக்குச் செலுத்தும் மரியாதை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அது விடையாகாது.

ஜூல் வெர்ன் 1865-இல் எழுதிய 'பூமியிலிருந்து நிலவுக்கு' நாவலிலிருந்தே தொடங்குவோம். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்ததும் வேலையற்றுப்போன பீரங்கி வல்லுநர்கள், ஃப்ளோரிடாவில் நிலத்துக்குள் 900 அடி நீளப் பீரங்கி ஒன்றை வார்க்கிறார்கள். அலுமினியக் குண்டுக்குள் மூன்று பேரை அமர்த்தி நிலவை நோக்கிச் சுடுகிறார்கள். குண்டின் வேகம் நொடிக்கு 12,000 கஜம், அதாவது ஏறத்தாழ 11 கிலோமீட்டர். பயண நேரம் 97 மணி 13 நிமிடம் 20 நொடி. 1969 ஜூலையில் அப்போலோ 11 அதே ஃப்ளோரிடாவிலிருந்து மூவருடன் புறப்பட்டது. அவர்களில் இருவர் ஏறத்தாழ 103 மணி நேரத்தில் நிலவில் இறங்கினார்கள்.

இந்தப் பொருத்தங்களைக் காட்டி வெர்னைத் தீர்க்கதரிசி என்று புகழ்வது வாடிக்கை. நாங்கள் அவரை அதற்காகப் படிப்பதில்லை. 900 அடி என்பது சுமார் 274 மீட்டர். அந்தத் தூரத்துக்குள் ஒரு குண்டு நொடிக்கு 11 கிலோமீட்டர் வேகத்தை எட்ட வேண்டுமானால், உள்ளே இருப்பவர்மீது அழுத்தும் விசை புவியீர்ப்பைப்போல் 20,000 மடங்குக்கும் அதிகமாக இருக்கும். அதிர்ச்சியைத் தாங்க வெர்ன் தரைக்கடியில் தண்ணீர் நிரப்பி வைத்தார். அதனால் பயனில்லை, மூவரும் அந்த நொடியே இறந்திருப்பார்கள். பள்ளி இயற்பியல் போதும், இதைக் கண்டுபிடிக்க. நாவலாசிரியர் நீளத்தையும் வேகத்தையும் எண்களாகவே தந்திருப்பதால்தான் நம்மால் கண்டுபிடிக்க முடிகிறது. அவருடைய பிழை ஒளிந்துகொள்ளவில்லை.

இந்தக் கணக்கைச் சரிபார்த்த வாசகர்களில் ஒருவர், ரஷ்யாவின் கலூகா நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த கான்ஸ்டன்டின் சியோல்கோவ்ஸ்கி. சிறு வயதுக் காய்ச்சலில் செவித்திறனைப் பெரிதும் இழந்தவர்; புத்தகங்களே அவருக்குப் பள்ளி. விண்வெளி எண்ணத்தின் முதல் விதையை வெர்ன்தான் தம்முள் ஊன்றினார் என்று அவரே பதிவு செய்திருக்கிறார். பீரங்கி ஆளைக் கொன்றுவிடும். அப்படியானால் வேகத்தைச் சிறிது சிறிதாக ஏற்ற வேண்டும். அதற்கு ராக்கெட் வேண்டும். 1903-இல் அவர் வெளியிட்ட ஆய்வில் ராக்கெட்டின் அடிப்படைச் சமன்பாடு இடம்பெற்றது. பின்னர் 1920-இல் அவரும் ஒரு விண்வெளி நாவலை வெளியிட்டார். கணக்குப் பார்க்க வந்த வாசகர் கதை சொல்பவராகவும் ஆனார்.

எங்கள் வட்டாரத்தில் இதை நினைக்கையில் இன்னொன்றும் நினைவுக்கு வரும். சியோல்கோவ்ஸ்கியை முன்னோடியாகக் கொண்டாடிய சோவியத் நாடு 1961 ஏப்ரல் 12 அன்று ககாரினை விண்ணுக்கு அனுப்பியது. அதே ஆண்டில்தான் நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிப் படிவம் வெளிப்பட்டது. அடுத்த ஆண்டு அங்கே மின் உற்பத்தி தொடங்கிய அனல்மின் நிலையம் சோவியத் உதவியுடன் எழுந்தது. விண்வெளி எங்கோ தொலைவில் நடந்த கதை என்று எங்கள் முந்தைய தலைமுறைக்குத் தோன்றாமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எல்லா நாவல்களும் வெர்னின் வழியில் செல்லவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஹெச்.ஜி. வெல்ஸ் 1901-இல் எழுதிய நிலவு நாவலில், ஈர்ப்பைத் தடுக்கும் ஒரு கற்பனைப் பொருளே கலத்தை மேலேற்றுகிறது. அங்கே கணக்கு இல்லை. வெர்னுக்கு அது பிடிக்கவுமில்லை. நிலவுவாசிகளின் எறும்புப் புற்றுச் சமூகத்தைக் காட்டி மனித சமூகத்தை விசாரிப்பதே வெல்ஸின் நோக்கம். அதன் ஈர்ப்பு வேறு வகையானது, குறைந்ததன்று.

வெர்னின் மரபு நமக்கு மிக அருகில் வந்து சேர்ந்தது ஆர்தர் சி. கிளார்க்கின் வழியாக. பூமத்திய ரேகைக்கு மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிறுத்தும் செயற்கைக்கோள்கள் உலகம் முழுவதற்கும் செய்தி கடத்தலாம் என்று 1945-இல் எழுதியவர் அவர். 1956-இல் இலங்கையில் குடியேறினார். இந்தியா செயற்கைக்கோள் வழியாகக் கிராமங்களுக்குத் தொலைக்காட்சியைக் கொண்டுசென்ற 1975-இல், நம் பொறியாளர்கள் கொழும்பிலிருந்த அவர் வீட்டில் ஓர் அலைவாங்கியை நிறுவினார்கள். தாம் போட்ட கணக்கின் விடை அவர் வீட்டுக்கே வந்து சேர்ந்தது.

1979-இல் வெளியான அவரது 'சொர்க்கத்தின் நீரூற்றுகள்' நாவல், பூமியிலிருந்து அதே உயரத்துக்கு ஒரு மின்தூக்கி அமைப்பதைப் பற்றியது. அதன் கதைக்களமான தப்ரபேன், இலங்கையேதான். மின்தூக்கி பூமத்திய ரேகையில் நிற்க வேண்டும். இலங்கை அங்கே இல்லை. ஆகவே தீவை 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்தியிருப்பதாகக் கிளார்க் வாசகரிடம் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார். எங்கே கணக்கு, எங்கே கற்பனை என்று எல்லைக்கல் நட்டுத் தரும் இந்த நேர்மையைத்தான் நாங்கள் செவ்வியல் விண்வெளி நாவலின் அழகு என்கிறோம். அது வாசகனைச் சமமானவனாக நடத்துகிறது. தன்னைத் திருத்த அவனுக்கு உரிமை தருகிறது.

2008 பிப்ரவரி 27 அன்று சுஜாதா மறைந்தார். சரியாக 21 நாட்கள் கழித்து, மார்ச் 19 அன்று கிளார்க். மின்னணுப் பொறியாளரான சுஜாதா, அறிவியலுக்கு அஞ்சாத ஒரு வாசகத் தலைமுறையைத் தமிழில் உருவாக்கினார். அந்தத் தலைமுறை இனிக் கேட்க வேண்டியது வியப்பை மட்டுமல்ல, சரிபார்க்கக்கூடிய எண்களையும்தான் என்பது எங்கள் எண்ணம்.

வினா எழுப்பிய நண்பருக்கு நாங்கள் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. வெர்னின் பீரங்கி நீளத்தையும் வேகத்தையும் மட்டும் கொடுத்தோம். பயணச்சீட்டின் பின்புறத்தில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, இந்த மூவரும் பிழைக்க வழியே இல்லையே என்றார். பிறகு, கதையின் இரண்டாம் பாகம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டார்.