கருவளர்ச்சியும் உயிரின வகைப்பாடும்

கருமுட்டையிலிருந்து முதிர்நிலை வரை ஓர் உயிரி அடையும் மாற்றங்களைக் கொண்டு அதன் இன உறவை அறியும் முறை 19ஆம் நூற்றாண்டில் வேரூன்றியது. முதுகெலும்பிகளின் கருவில் பெரும்பிரிவுக்குப் பொதுவான பண்புகள் முன்னரும், தனி இனத்துக்குரியவை பின்னரும் தோன்றுகின்றன என்று கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேயர் 1828இல் காட்டினார்.

முறையின் வலிமையை முதலில் மெய்ப்பித்தவை கொட்டலசுகள். பாறையிலும் படகடியிலும் ஓட்டுக்குள் ஒட்டிக்கிடக்கும் இவற்றை லின்னேயஸும் கூவியேவும் மெல்லுடலிகளோடு சேர்த்திருந்தனர். அயர்லாந்தின் கார்க் நகரில் படை மருத்துவராக இருந்த ஜான் வாகன் தாம்சன், 1826இல் கடலில் நீந்தித் திரிந்த சிற்றுயிர்களைப் பிடித்துக் கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்திருந்தார். சில நாட்களில் அவை பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டு, பழைய ஓட்டை உதிர்த்துவிட்டுக் கொட்டலசுகளாயின. 1830இல் இதை வெளியிட்ட தாம்சன், அவை இறால், நண்டு ஆகியவற்றின் இனத்தவை என்றார். நண்டின் உடலுக்குள் வேர்போலப் பரவும் சாக்குலினா என்ற ஒட்டுண்ணியும் இக்கூட்டத்தைச் சேர்ந்ததே. முதிர்ந்த உடலில் காலோ கணுவோ இல்லாத அதைக் காட்டிக்கொடுப்பது மூன்று இணைக் கால்களுள்ள அதன் இளவுயிரிதான்.

இதனினும் பெரிய திருப்பம் அலெக்சாந்தர் கவலேவ்ஸ்கி 1866இல் வெளியிட்ட ஆய்வு. அசிடியன்கள் எனப்படும் கடற்பீச்சிகள், நீரை உறிஞ்சி வெளியேற்றும் வெறும் பைகள்போல இருப்பதால் மெல்லுடலிகளாகக் கருதப்பட்டன. அவற்றின் இளவுயிரியோ தலைப்பிரட்டையைப் போன்றது. வாலில் முதுகுநாண், அதன் மேலே நரம்புக்குழாய். தரையில் ஒட்டியதும் வால் உள்வாங்கப்பட்டு மறைகிறது. முதுகெலும்பிகளின் உறவு இவற்றில் தெரிந்ததை டார்வின் தம் 1871ஆம் ஆண்டு நூலில் எடுத்தாண்டார்.

கருவளர்ச்சி மூதாதையரின் வரலாற்றைச் சுருக்கமாக மீண்டும் நடத்திக்காட்டுகிறது என்று எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1866இல் முன்வைத்த விதி நெடுங்காலம் ஆட்சி செலுத்தியது. அது மிகைக்கூற்று. இளவுயிரிகளும் தம் சூழலுக்கேற்ப மாறுகின்றன. அவை முன்னோரின் நகல்கள் அல்ல என்பதை வால்டர் கார்ஸ்டாங் 1922இல் வலியுறுத்தினார்.

கருவின் முதல் துளை வாயாகிறதா, வாய் வேறிடத்தில் தோன்றுகிறதா என்பதை வைத்துக் கார்ல் குரோபன் 1908இல் விலங்குகளை இரு பெரும் கிளைகளாகப் பிரித்தார். பிரிவு நிலைத்தாலும் உறுப்பினர் பட்டியல் நிலைக்கவில்லை. கருவளர்ச்சி ஒற்றுமையால் பலரும் இரண்டாம் கிளையருகே வைத்த பிராக்கியோபாடுகள் என்ற ஓட்டுடைய கடலுயிரிகளை, 1995இல் வந்த மரபணு ஆய்வு மெல்லுடலிகள், வளையப்புழுக்களின் பக்கம் கொண்டுசேர்த்தது.

1984இல் பழ ஈயில் ஹோமியோபாக்ஸ் வரிசை கண்டறியப்பட்டது. உடலின் முன்பின் அமைப்பை வகுக்கும், இவ்வரிசையைக் கொண்ட மரபணுக்கள் ஈயிலும் எலியிலும் ஒத்திருப்பதால், எந்தெந்த மரபணுக்கள் கருவை உருவாக்குகின்றன என்ற ஒப்பீடும் சான்றாகச் சேர்ந்தது. முதுகெலும்பிகளுக்கு மிக நெருங்கிய உறவு, மீன்வடிவ ஆம்ஃபியாக்சஸ் அல்ல, கடற்பீச்சிகளின் கூட்டமே என்று 2006இல் வெளியான மரபணு ஒப்பீடு காட்டியது.