அடுக்களையில் பிறந்த காதற்கதைகள்

காதலைப் பாடாத மொழியில்லை. ஆனால், காதலித்த பெண்ணை வாழவிட்ட ஊர்கள் எத்தனை?

நம் தமிழகம் அகத்திணைக்கு இலக்கணம் வகுத்த நாடு. களவென்றும் கற்பென்றும் காதலுக்குப் படி வகுத்துக் காட்டிய நாடு. ஔவையாரும் வெள்ளிவீதியாரும் நச்செள்ளையாரும் பாட்டெழுதிப் புலவர் அவையில் இடம்பெற்ற நாடு. அதே நாட்டில், பிற்காலத்தே, பெண்ணொருத்தி எழுதக் கற்றால் எவனுக்கேனும் காதற்கடிதம் தீட்டிவிடுவாள் என்றஞ்சி, ஏட்டையும் எழுத்தாணியையும் அவள் கைக்கு எட்டாத பரண்மேல் ஏற்றி வைத்தனர்! பாட்டிலே காதல், வீட்டிலே காவல். இந்த முரண்பாட்டுக்கு நடுவேதான் நம் காதற்புதினங்கள் பிறந்தன.

அப்புதினங்களை எழுதியவர்கள் எப்போது எழுதினர், எங்கே உட்கார்ந்து எழுதினர், எதிலிருந்து ஊக்கம் பெற்றனர், எழுத்தை விட்டால் எதில் நாட்டங்கொண்டனர் என்பனவெல்லாம் பொழுதுபோக்குச் செய்திகள் என்று எண்ணுவோர் உண்டு. தோழர்களே, அவை பொழுதுபோக்கல்ல. ஒருவர் எழுதும் முறையைப் பாருங்கள். அவருக்குச் சமுதாயம் எதைத் தந்தது, எதைத் தர மறுத்தது என்பது தெரிந்துவிடும்.

முதலில் ஆண்களைப் பார்ப்போம். தமிழின் முதற்புதினமெனப்படும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-ஆம் ஆண்டு வெளிவந்தது. அதனை எழுதிய வேதநாயகம் பிள்ளை மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர். பெண்கல்வியில் அழுத்தமான நாட்டமுடையவர். புதினம் வெளிவருமுன்பே, 1869-இல், 'பெண்மதி மாலை' என்று ஒரு நூலை அதற்கெனவே ஆக்கினார். அந்த நாட்டமே அவருடைய கதைத்தலைவி ஞானாம்பாளாக உருவெடுத்தது. கணவனைவிடக் கூரிய அறிவுடையவள் அவள். ஒரு நாட்டையே ஆண்டு காட்டுகிறாள். ஆனால் எப்படி ஆண்டாள்? ஆணுடை தரித்து ஆண்டாள்! பெண்ணுக்கு அறிவை வழங்கத் துணிந்த ஆசிரியரும், பெண்ணுருவோடு அவளை அரியணையில் அமர்த்தத் துணியவில்லை. அக்காலம் அவ்வளவுக்குத்தான் இடங்கொடுத்தது.

அவருக்குப் பின் வந்த ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் முதலியோர் காதலையும் மருமத்தையும் கலந்து எழுதிக் குவித்தனர். அவர்களுக்கு ஊற்றாக அமைந்தவை ஆங்கிலப் புதினங்கள். ரெயினால்ட்ஸ் என்னும் ஆங்கில எழுத்தாளரின் கதைகள் தமிழுடை உடுத்தித் தமிழ்ப்பெயர் பூண்டு உலாவந்த காலம் அது. குறை கூறவில்லை, தமிழ்நாட்டில் கதை படிப்போர் கூட்டத்தை உருவாக்கியதில் அவர்களுக்குப் பங்குண்டு. ஆனால், கல்லூரியும் ஆங்கிலமும் நூலகமும் யாருக்குத் திறந்திருந்தனவோ அவர்களுக்கே அந்த ஊற்றும் திறந்திருந்தது. பெண்ணுக்கு எந்த ஊற்று?

இந்தக் கேள்விக்கு விடையாக நிற்பவர் வை. மு. கோதைநாயகி அம்மையார்.

1901-இல் பிறந்தவர். ஐந்தரை வயதில் திருமணம்! மணமகனுக்கு வயது ஒன்பது. பம்பரம் விடவேண்டிய பையனுக்கும் பல்லாங்குழி ஆடவேண்டிய பெண்ணுக்கும் மாலை மாற்றிவிட்டு, மங்கலம் பாடினர் பெரியோர். பள்ளிப்படிப்பு அம்மையாருக்குக் கிட்டவில்லை. கணவர் பார்த்தசாரதி அழைத்துச் சென்று காட்டிய நாடகங்களே அவருக்குக் கல்லூரி. வீட்டிலே கேட்ட கதைகளே நூலகம். கண்டதையும் கேட்டதையும் தம் கற்பனையோடு சேர்த்துப் பிள்ளைகளுக்குக் கதை கதையாகச் சொல்லி வந்தார். சொல்லத் தெரிந்தது; எழுதத்தான் தெரியவில்லை.

அந்நிலையில் அவர் என்ன செய்தார்? பட்டம்மாள் என்னும் தோழியை அருகே இருத்திக்கொண்டு, தாம் சொல்லச் சொல்ல எழுதச் செய்தார். அப்படிப் பிறந்ததுதான் 'இந்திர மோகனா' என்னும் நாடகம். 1924-இல் அது அச்சேறியது. கதை இருந்தவளிடம் எழுத்தில்லை. எழுத்திருந்தவள் தன் கையைக் கடனாகக் கொடுத்தாள். அந்தத் தோழியே பின்னர் அவருக்கு எழுதவும் கற்றுக்கொடுத்தார். ஒரு புத்தகத்தின் முகப்பில் ஒரு பெயர்தான் இடம்பெறுகிறது. பட்டம்மாளை இலக்கிய வரலாறு எத்தனை வரியில் நினைத்தது?

அடுத்த ஆண்டே, 1925-இல், 'ஜகன்மோகினி' என்னும் இதழை விலைக்கு வாங்கி ஆசிரியப் பொறுப்பேற்றார் அம்மையார். வடுவூராரின் ஊக்கமும் அதற்குத் துணையாயிற்று. 'வைதேகி' என்னும் புதினம் அவ்விதழில் தொடர்ந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் இதழ் நடத்தினார். நூற்றுப்பதினைந்து புதினங்கள் எழுதினார். எழுத்தறியாமல் புகுந்த வீட்டில், எழுத்தாலேயே ஓர் அச்சகத்தை இயக்கினார்! குழந்தை மணம், கைம்பெண் துயர், குடிப்பழக்கம், பெண்கல்வி ஆகியவை அவர் கதைகளில் காதலோடு பின்னிக் கிடந்தன. 'அனாதைப் பெண்' 1938-இல் திரைப்படமாயிற்று. அவர் மறைந்தபின் 1966-இல் வந்த 'சித்தி' என்னும் படமும் அவருடைய கதையைத் தழுவியதே.

எழுத்தை விட்டால் அவருக்கு இசையில் நாட்டம்; மேடையேறிப் பாடுவார், பேசுவார். காந்தியாரைச் சந்தித்தபின் பட்டையும் நகையையும் விட்டுக் கதருடுத்தார். மறியலில் ஈடுபட்டு 1932-இல் சிறை சென்றார். சிறைக்குள்ளும் கதை எழுதினார். அவர் சிறையில் இருந்தபோது இதழை வெளியே நடத்தியவர் கணவர். மனைவியின் பெயர் விளங்கும் ஏட்டுக்குப் பின்னே நின்று உழைத்த ஆடவர் அந்நாளில் எத்தனை பேர் இருந்திருப்பர்?

"அவர் காங்கிரசுக்காரர் அல்லவா? பக்தியைப் பரப்பியவர் அல்லவா? பகுத்தறிவு ஏட்டில் அவருக்கென்ன பாராட்டு?" என்று தோழர் ஒருவர் கேட்கலாம். கேட்கட்டும், கேட்பது நம் மரபு. அவர் கதைகளில் கடவுளும் விதியும் வந்து முடிச்சவிழ்க்கும் இடங்கள் உண்டு. அவற்றை நாம் ஏற்பதற்கில்லை. ஆயினும், மனு வகுத்த வேலியை மேல்சாதி வீட்டுக்குள் இருந்தபடியே ஒரு பெண் எப்படித் தாண்டினாள் என்பதை ஆராயாமல், அந்த வேலியை நாம் எப்படிப் பிடுங்கி எறியப் போகிறோம்? கருத்தில் மாறுபடுவோம், உழைப்பை மறுப்பது அறிவுடைமையன்று.

அவர் ஒருவரோடு இவ்வரலாறு முடியவில்லை. நாகூரில் 1917-இல் பிறந்த சித்தி ஜுனைதா பேகத்தைப் பாருங்கள். மூன்றாம் வகுப்போடு நின்றது அவர் பள்ளிப்படிப்பு. இளமையிலேயே கணவனை இழந்தார். அவர் எழுதிய 'காதலா? கடமையா?' என்னும் புதினம் 1938-இல் வெளிவந்தது. ஆங்கிலத்தில் புகழ்பெற்ற 'சென்டாவின் கைதி' என்னும் கதையைத் தழுவிய அந்நூல், அரசன் வடிவை ஒத்த மற்றொருவன் காதலுக்கும் கடமைக்கும் நடுவே தவிப்பதைச் சொல்வது. மூன்றாம் வகுப்புப் படித்த முசுலிம் கைம்பெண்ணின் அந்நூலுக்கு முன்னுரை வழங்கியவர் யார்? உ. வே. சாமிநாதர்! ஓலைச்சுவடி தேடி ஊரூராய் நடந்த முதுபெரும் புலவர், காதற்கதைதானே என்று ஒதுக்கவில்லை.

பெண் தன் பெயரோடு வெளிவருவது எங்கும் எளிதாக இருந்ததில்லை. இங்கிலாந்திலே ஜேன் ஆசுட்டன் 1811-இல் தம் முதற்புதினத்தை வெளியிட்டபோது, முகப்பில் 'ஒரு சீமாட்டி எழுதியது' என்று மட்டுமே போட்டுக்கொண்டார். பிராண்ட்டி உடன்பிறந்தாள் மூவரும் 1847-இல் ஆண்பெயர்போல் தோன்றும் புனைபெயர்களுக்குள் ஒளிந்துகொண்டனர். நாகூர்ப் பெண்ணோ தம் பெயரை மறைக்கவில்லை!

இன்னொரு பக்கமும் உண்டு. காதல் என்னும் பெயரால் பெண்ணைக் கடைச்சரக்காக்கிய கொடுமையைக் கண்டவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். தேவதாசி முறையின் துயரை உடனிருந்து உணர்ந்தவர். தன்மான இயக்க மேடைகளில் முழங்கியவர். 1936-இல் அவர் வெளியிட்ட 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்னும் புதினத்தில், மோகமும் பணமும் சாத்திரமும் கைகோத்து ஆடும் ஆட்டத்தைத் தோலுரித்துக் காட்டினார். அவருக்கு ஊற்றாயிருந்தது ஆங்கிலக் கதையன்று. தாம் பட்ட பாடு. 1989-இல் தமிழக அரசு ஏழைப் பெண்களுக்கான திருமண உதவித் திட்டத்துக்கு அவர் பெயரைச் சூட்டியது. 2022-இல் அது, அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரி செல்ல மாதம் 1000 ரூபாய் தரும் உயர்கல்வித் திட்டமாக உருமாறியது. தாலிக்கு உதவிய பெயர் ஏட்டுக்கு உதவும் பெயராயிற்று.

ஏட்டுக்கு உதவுவது என்றதும் நினைவுக்கு வருபவர் 'லட்சுமி' என்னும் புனைபெயரில் எழுதிய மருத்துவர் திரிபுரசுந்தரி. 1921-இல் பிறந்தவர். சென்னையில் மருத்துவம் பயின்றபோது பணமுடை குறுக்கிட்டது. 'ஆனந்த விகடன்' ஏட்டுக்குக் கதைகள் எழுதி, அந்த ஊதியத்தைக் கொண்டே படிப்பைத் தொடர்ந்தார். நாளெல்லாம் மருத்துவப் பாடம். எஞ்சிய நேரத்தில் கதை. 'பெண்மனம்' போன்ற புதினங்களைத் தந்த அவர், 1984-இல் சாகித்திய அகாதெமி பரிசும் பெற்றார். காதற்கதை பெண்ணைக் கெடுக்கும் என்று சொன்னவர்கள் கவனிக்கட்டும்: இங்கே அது ஒரு பெண்ணை மருத்துவராக்கியது!

இப்போது நம் பக்கம் திரும்புவோம். பேரறிஞர் அண்ணா 1951-இல் வெளிவந்த 'ஓர் இரவு' படத்துக்கான திரைக்கதையை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று திரையுலகில் நெடுங்காலமாகச் சொல்வதுண்டு. இரவெல்லாம் விழித்தெழுதும் வழக்கம் அவருக்கு இருந்தது. அந்த உழைப்பை எண்ணி வியக்கிறோம், வியக்க வேண்டியதுதான். ஆனால் அண்ணாவின் தம்பியர் என்று சொல்லிக்கொள்ளும் நாம் ஒன்றையும் எண்ணிப் பார்க்கவேண்டும். நம் வீட்டுப் பெண்களில் எவருக்கேனும், யாரும் அழைக்காத, யாருக்கும் சோறிட வேண்டாத ஓர் இரவு, எழுதுவதற்கென்று, வாழ்நாளில் ஒருமுறையேனும் கிட்டியதுண்டா?

நான் ஆசிரியப்பணி புரியும் கோம்பை, கம்பம் பள்ளத்தாக்கில் மலையடிவாரத்து ஊர். காவலுக்குப் பேர்போன நாயினம் ஒன்றுக்கு எங்கள் ஊரின் பெயரே பெயர். ஆனால் இங்கே பெண்ணைக் காப்பது நாயன்று, நாலுபேர் நாக்கு! இவ்வட்டாரத்துப் பெண்கள் பலர் விடியுமுன் எழுந்து, உலைவைத்து இறக்கிவிட்டு, ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, மலைக்கு மேலே கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குச் செல்கின்றனர், பொழுதுசாயத் திரும்புகின்றனர். அவர்களுடைய மகள்தான் வகுப்பறையில் பாடநூலுக்குள் ஒரு காதற்புதினத்தை ஒளித்துவைத்துப் படிக்கிறாள். 1938-இல் பிறந்து நூற்றுக்கு மேற்பட்ட குடும்பக் காதற்கதைகளை எழுதிய ரமணிசந்திரனின் நூலாகவே பெரும்பாலும் அது இருக்கும். பெரியோர் பிடுங்கிக் கிழிக்கின்றனர். நம் தோழர்களோ, "பெண்கள் படிக்கும் குப்பை" என்று சிரிக்கின்றனர். கிழிப்பவருக்கும் சிரிப்பவருக்கும் வேறுபாடு என்ன?

அக்கதைகளில் குறையில்லை என்று நான் வாதிடவில்லை. அவற்றுள் பலவற்றில் தலைவனுக்கும் தலைவிக்கும் சாதியே இருப்பதில்லை. சாதியில்லாத ஊரில் அவர்கள் ஊடிக் கூடி இனிதே மணக்கின்றனர். நம் ஊர் அப்படியா இருக்கிறது? 1920-களின் இறுதியில் தன்மானத் திருமணங்கள் தொடங்கின. 1967-இல் அண்ணா தலைமையிலான அரசு அவற்றுக்குச் சட்ட ஏற்பு வழங்கியது. புரோகிதர் இல்லை, தீவலம் இல்லை. இருவர் மனமொப்பினால் போதும் என்றது சட்டம். ஆனால் 2016-ஆம் ஆண்டிலும், சாதி கடந்து மணந்த குற்றத்துக்காக உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் ஓர் இளைஞன் வெட்டிக் கொல்லப்பட்டான். சட்டம் ஏற்றதைத் தெரு ஏற்கவில்லை! அந்தத் தெருவையும் காதற்கதைக்குள் கொண்டுவர வேண்டும். யார் கொண்டுவருவது? தெருவை அறிந்தவள்தான் கொண்டுவர முடியும்.

ஆகவே, அந்த மாணவியின் நூலைப் பிடுங்காதீர்கள். படித்து முடித்தபின், "இந்தத் தலைவி உன் தெருவில் பிறந்திருந்தால் கதை எப்படி முடிந்திருக்கும்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, ஒரு குறிப்பேட்டைக் கொடுங்கள். வீட்டில் அவளுக்கு நாள்தோறும் ஒரு மணி நேரம் விடுதலை வாங்கிக் கொடுங்கள். அந்த ஒரு மணி நேரம் பாத்திரம் துலக்க அவள் தமையனுக்கும் கையிருக்கிறது.

அவளுடைய தாயை மறந்துவிடாதீர்கள். ஏலத்தோட்டத்து ஜீப்பில் செல்லும் அவளிடமும் கதை இருக்கிறது. எழுத நேரமும் எழுத்தும் இல்லை. 1924-இல் ஒரு பட்டம்மாள் தாளோடு எதிரே உட்கார்ந்ததனால் நூற்றுப்பதினைந்து புதினங்கள் பிறந்தன. நம் மன்றங்களில் படித்த இளைஞருக்குப் பஞ்சமில்லை. மேடையில் பேசும் மாலைகளில் ஒன்றை ஒதுக்கி, அந்தத் தாயின் திண்ணைக்குப் போய் உட்காருங்கள். அவர் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். நூலின் முகப்பில் அவர் பெயரையே போடுங்கள்.