நெஞ்சு, இருதயம், கல்பு: ஓர் உறுப்புச் சொல்லின் வரலாறு

உடலுறுப்புகளின் பெயர்கள் உடலளவில் நின்றுவிடுவதில்லை. அவை மனிதனின் எண்ணத்தையும் குணத்தையும் குறிக்கலாகின்றன. மீண்டும் உடலுக்கே திரும்புவதும் உண்டு. திருமறையை வாசிப்போரும் போதிப்போரும் நாள்தோறும் வழங்கும் 'இருதயம்' என்னும் சொல் இதற்குத் தக்க சான்றாகும்.

தமிழில் இதனினும் மூத்த சொல் 'நெஞ்சு'. சங்க அகப்பாடல்களில் தலைவன் தன் நெஞ்சை விளித்து, வேறோர் ஆளோடு பேசுவதுபோலப் பேசுகிறான். திருக்குறளில் 'நெஞ்சொடு கிளத்தல்', 'நெஞ்சொடு புலத்தல்' என இரண்டு அதிகாரங்கள் உள. இன்றோ 'நெஞ்சுவலி', 'நெஞ்சுச்சளி' என்கையில் மார்பையே கருதுகிறோம். ஆயினும் 'நெஞ்சைத் தொட்டுச் சொல்' என்னும் வழக்கில் பழம்பொருள் உயிரோடிருக்கிறது.

'இருதயம்' வடமொழிவழி வந்தது. 1871இல் முழுமையாக வெளிவந்த ஐக்கியத் திருப்புதல் இச்சொல்லையே பெரிதும் ஆண்டது. எபிரெயத்தில் 'லேவ்' என்பது உணர்ச்சியைவிட, சிந்தித்துத் தீர்மானிக்கும் ஆற்றலையே முதன்மையாகக் குறிக்கும். உள்ளுணர்வுகளுக்கு எபிரெயர் சிறுநீரகங்களைச் சுட்டினர். சங்கீதம் 7:9இல் 'உள்ளிந்திரியங்கள்' என நாம் வாசிப்பது மூலத்தில் சிறுநீரகங்களே. லூக்கா 15:20இல் தகப்பன் 'மனதுருகி' ஓடினான் என்னுமிடத்துக் கிரேக்கச் சொல் குடலைக் குறிக்கும் பெயரினின்று பிறந்தது. 'பெற்ற வயிறு' என்று பேசும் நம் தாய்மார்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

தஞ்சைக் கடற்கரையிலுள்ள அதிராம்பட்டினத்தில் மற்றுமொரு சொல் நம் செவியில் விழுகிறது. அங்குள்ள இஸ்லாமியப் பெருமக்கள், பிற தமிழ் முஸ்லிம்களைப் போலவே, உள்ளத்தைக் 'கல்பு' என்பர். இவ்வரபுச் சொல்லின் வேர் 'திருப்புதல், புரட்டுதல்' என்னும் பொருளுடையது. 'மனந்திரும்புதல்' என்று போதிக்கும் நாம் இவ்வொற்றுமையைக் கண்டு மகிழலாம். அயலாரோடு இறைவனைப் பற்றி உரையாட இஃதொரு நல்ல வாசல்.

அவ்வூரின் எதிர்க்கரையான யாழ்ப்பாணத்திலோ இச்சொல் வேறொரு திருப்பம் கண்டது. 1847இல் அங்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 'மனுஷ அங்காதிபாதம்' போன்ற உடற்கூற்று நூல்களையும் தமிழில் தந்தார். இத்தகைய கல்வி பரவியபோது, வேதத்தில் சிந்தனையின் இருப்பிடமான இருதயம், நான்கு அறைகளையுடைய தசையுறுப்பாகவும் அறியப்பட்டது. ஒரே சொல் இரண்டு பணிகளைச் சுமக்கலாயிற்று.

இது சொல்லாராய்ச்சியோடு முடிகிற காரியமன்று. 1967இல் தென்னாப்பிரிக்காவிலும் 1994இல் தில்லியிலும் இருதய மாற்று அறுவை நிகழ்ந்தது. 2008 முதல் தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புதானம் அரசின் முறையான ஏற்பாட்டோடு நடைபெறுகிறது. மகனை இழந்து மருத்துவமனை வாசலில் நிற்கும் பெற்றோர், 'இருதயத்தைக் கொடுத்தால் அவன் ஆத்துமாவையே கொடுத்ததாகுமோ?' என்று கலங்கினால், போதகர் என்ன விடை பகர்வார்? எசேக்கியேல் 36:26இல் வாக்களிக்கப்பட்ட புதிய இருதயம் தசையுறுப்பன்று என்று அவர் தெளிவாகச் சொல்லக் கடமைப்பட்டவர். கொடுக்கப்படுவது உறுப்பு, கொடுக்கத் துணிவதே திருமறை கூறும் இருதயத்தின் செயல்.

மத்தேயு 5:8இல் 1995ஆம் ஆண்டின் பொது மொழிபெயர்ப்பு 'உள்ளம்' என்னும் சொல்லை ஆண்டிருப்பது இவ்வகையில் வரவேற்கத்தக்கது. எனினும் தலைமுறைகளின் ஜெபத்தில் ஊறிய 'இருதயம்' என்னும் சொல்லைக் கைவிட வேண்டுவதில்லை. அதனை விளக்கிப் போதிப்பதே நம் கடன். பிரசங்க பீடத்தில் சொல் தெளிவுற்றால், மருத்துவமனை வாசலில் துயருற்றோரின் கலக்கம் குறையும்.