பீரோவில் லெட்ஜர், மேஜையில் லெட்ஜர்

தட்கல் பற்றிப் பேச்செடுத்தாலே நம் வயதுக்காரர்கள் சொல்வது ஒன்றுதான்: "இன்னும் பெரிய கம்ப்யூட்டர் வாங்கினால் என்ன?" வாங்கலாம். ஆனால் அது மட்டும் போதாது.

பழைய கவுண்டர்களை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு ரயிலுக்கும் ஒரு லெட்ஜர். அது இருக்கும் ஜன்னலில்தான் நிற்க வேண்டும். தேனாம்பேட்டையிலிருந்து விடிகாலை பஸ் பிடித்து சென்ட்ரல் போய் நின்ற ஆட்கள் நாம். தில்லியில் 1985-ல் வந்த கணினி முன்பதிவு, எண்பதுகள் முடிவதற்குள் சென்னைக்கும் வந்துவிட்டது. பிறகு, எரிந்துபோன மூர் மார்க்கெட் இருந்த இடத்தில் எழுந்த கட்டடத்தில் எந்த ஜன்னலிலும் எந்த ரயிலுக்கும் டிக்கெட் கிடைத்தது! 1999-ல் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் மையங்கள் ஐந்தும் இணைந்தன. 2002-ல் இணையத்திலேயே டிக்கெட்.

சிக்கல் அதற்கப்புறம்தான். ப்ராசசர் வேகம் என்பது கிளார்க்கின் கைவேகம். லெட்ஜர் பீரோவில் இருந்தால் கைவேகத்தால் என்ன பயன்? ஒவ்வொருவருக்கும் எழுந்து போய் எடுத்துவர வேண்டுமே. ஹார்ட் டிஸ்க்தான் அந்த பீரோ; மெமரி என்பது மேஜை. மேஜையிலிருந்து எடுப்பது பல்லாயிரம் மடங்கு வேகம். அடிக்கடி கேட்கப்படுவதை மேஜையிலேயே வைத்துக்கொள்வதைத்தான் 'கேஷ்' என்கிறார்கள். (பணம் இல்லை!) டிக்கெட் வாங்குபவர்களைவிட "இடம் இருக்கா?" என்று கேட்பவர்கள்தானே அதிகம்.

2014 ஏப்ரலில் ரயில்வேயின் கணினி நிறுவனமான கிரிஸ் புதிய இணைய முறையைக் கொண்டுவந்தது. தகவல்களை மெமரியிலேயே வைத்துப் பதில் சொல்லும் ஏற்பாடும் அதில் உண்டு. நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்றிருந்த திறன் 7,200 ஆனது.

ஆனால் மேஜையில் இருப்பது நகல்தான். திரையில் 12 இடம் காட்டும். பணம் கட்டி முடிப்பதற்குள் வெயிட்டிங் லிஸ்ட். யாரும் ஏமாற்றவில்லை. ஒரு படுக்கையை இருவருக்குக் கொடுக்க முடியாதல்லவா? கடைசிப் பதிவுக்கு அசல் லெட்ஜரைத்தான் திறக்க வேண்டும், அங்கே வரிசைதான். மெஷின் எவ்வளவு வேகமானாலும் பழைய ஐ.சி.எஃப். ஸ்லீப்பர் பெட்டியில் 72 படுக்கை, எல்.எச்.பி.யில் 80, அவ்வளவே.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது 2015 ஜூனில் செய்ததுதான். ஏ.சி. தட்கல் 10 மணிக்கு, மற்றவை 11 மணிக்கு. அந்த மாற்றத்துக்குப் புது மெஷின் எதுவும் தேவைப்படவில்லை. கூட்டத்தை இரண்டாகப் பிரித்தார்கள், அவ்வளவுதான்.