ஜான் பெல்லும் ஓர் ஆறு பக்கக் கட்டுரையும்

ஆய்வாளரின் தகுதியை, அவர்தம் கட்டுரையைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினர் என்று எண்ணி அளப்பது இன்றைய வழக்கம். ஜான் ஸ்டூவர்ட் பெல்லின் குவாண்டம் ஆய்வை 1968இல் அவ்வாறு அளந்திருப்பின் விரல்விட்டு எண்ணியிருக்கலாம்.

1928இல் பெல்ஃபாஸ்ட் நகரின் எளிய குடும்பமொன்றில் பிறந்தவர் பெல். நான்கு பிள்ளைகளுள் பதினான்கு வயதுக்குப் பின்னும் பள்ளியில் நீடித்தவர் அவர் ஒருவரே. (பெற்றோர் இதனைக் கருதுக.) பல்கலைக்கழகத்துள் அவர் முதலில் நுழைந்தது மாணவராக அன்று, ஆய்வுக்கூடப் பணியாளராக! பின்னாளில் செர்ன் ஆய்வகத்தில் அவருக்குரிய பணி துகள் இயற்பியலும் முடுக்கிகளும். குவாண்டம் அடிப்படைகள் பற்றிய சிந்தனை ஓய்வுநேரத்திற்குரியது.

பிரிந்து சென்ற இரு துகள்கள் தம் விடைகளை முன்பே சுமந்து செல்லுமாயின், அவற்றின் அளவீடுகள் ஒத்துப்போவதற்கு ஒரு வரம்பு உண்டு. குவாண்டம் கோட்பாடோ அவ்வரம்பை மீறும். இதனை 1964இல் ஆறே பக்கங்களில் நிறுவினார். ஐன்ஸ்டைன் எழுப்பிய ஐயம் அதன்வழி சோதித்தறியத்தக்கதாயிற்று. ஆனால், வெளியீட்டுக் கட்டணம் கேட்காததால் அவர் தேர்ந்த புதிய இதழ் 1968இலேயே நின்றுபோயிற்று.

1972இல் கிளவுசரும் ஃபிரீட்மனும், 1982இல் அஸ்பேயும் சோதித்தனர், வரம்பு மீறப்பட்டது. இன்று அக்கட்டுரைக்கான மேற்கோள்கள் பல்லாயிரம். 2022இல் கிளவுசர், அஸ்பே, சைலிங்கர் மூவரும் நோபெல் பரிசு பெற்றபோது, பெல் மறைந்து 32 ஆண்டுகள் ஆகியிருந்தன.