அரிசியும் அறநெறியும்: மலாயாவின் பெரிபெரி ஆய்வுகளும் இன்றைய மருத்துவ ஆய்வு அறநெறிக் குழுவும்

மலேசியச் சுகாதார அமைச்சின் மருத்துவ ஆய்வு அறநெறிக் குழு 2002ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. அமைச்சின் மருத்துவமனைகளில் நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பெறும் ஆய்வுகள் இக்குழுவின் ஒப்புதலைப் பெற்ற பின்னரே தொடங்குதல் வேண்டும். பல்கலைக்கழக மருத்துவமனைகள் தமக்கெனத் தனிக் குழுக்களைக் கொண்டுள்ளன. இத்தகைய குழுவில் மருத்துவர் மட்டுமே அமர்தல் ஆகாது என்பது இன்று பொதுவிதி. இவ்விதியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் நாசி முகாம்களின் கொடுமையையும் 1947ஆம் ஆண்டின் நியூரம்பர்க் தீர்ப்பையும் தொடக்கமாகக் கொள்வர். அது பொருத்தமே. எனினும், இதே வினாவை எழுப்பும் நிகழ்ச்சியொன்று அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே கோலாலம்பூரில் நிகழ்ந்துள்ளது. அதில் கொடியவர் எவரும் இல்லை. அதனாலேயே அதனை நாம் இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் மருத்துவமனைகளிலும் பெரிபெரி நோய் பெருந்தொகையினரைப் பலிகொண்டது. கால்கள் வீங்கும் அல்லது மரத்துப்போகும். பின்னர் இதயம் செயலிழக்கும். இது தொற்றுநோய் என்றும், இடத்தைப் பற்றிய நச்சு என்றும் மருத்துவர் பலர் கருதினர். நெகிரி செம்பிலானின் அரசு மருத்துவர் பிராடன் வேறொன்றைக் கண்டார். சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசியை உண்ட சீனத் தொழிலாளரிடையே நோய் மிகுந்திருந்தது. புழுங்கல் அரிசி உண்ட தமிழ்த் தோட்டத் தொழிலாளரிடையே அரிதாகவே காணப்பட்டது. நெல்லை அவ்வப்போது குத்தி உண்ட மலாய்க் கிராமத்தாரும் பெரும்பாலும் தப்பினர். 1907இல் வெளியிட்ட நூலில் அவர் இதனை விரிவாக நிறுவினார். தவிட்டுப் பகுதியிலுள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்து நெல்லைப் புழுக்கும்போது அரிசியினுள் ஊடுருவித் தங்கிவிடுகிறது என்னும் விளக்கம் பின்னாளில்தான் கிடைத்தது. தமிழர் எதை உண்டனர் என்பதை மருத்துவம் உற்றுநோக்கியது. ஆயின், சமைத்தவரைத் தகவலளிக்கத்தக்கவராக அது கருதியதாகத் தெரியவில்லை.

இக்கருத்தைச் சோதிக்க முன்வந்தவர் கோலாலம்பூர் மாவட்ட அறுவை மருத்துவர் வில்லியம் பிளெட்சர். 1905 டிசம்பரில் அங்கிருந்த மனநோயாளர் விடுதியின் உணவறையில் நோயாளிகள் வரிசையாக நிறுத்தப்பட்டு எண்ணப்பட்டனர். ஒற்றை எண்ணினர்க்குச் சயாம் அரிசி. இரட்டை எண்ணினர்க்குப் புழுங்கல் அரிசி. ஆய்வு ஓராண்டுக்கு மேல் நீடித்தது. முடிவு 1907இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. பச்சரிசி உண்ட 120 பேரில் 30க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர்; 18 பேர் மாண்டனர். புழுங்கல் அரிசி உண்ட 123 பேரில் நோய் கண்டவர் இருவரே. அவ்விருவரும் விடுதிக்கு வரும்போதே நோயுற்றிருந்தவர்கள். பெரிபெரியால் அவர்களுள் எவரும் இறக்கவில்லை.

இன்றைய அளவுகோலைக் கொண்டு பிளெட்சரைக் குற்றவாளியாக்குதல் எளிது, ஆனால் முறையன்று. பச்சரிசி என்பது அவர் புதிதாகப் புகுத்திய தீங்கன்று. அக்காலத்தில் அரசு விடுதிகளில் வழக்கமாக வழங்கப்பட்டதே. ஆய்வு நடந்திராவிடில் இரட்டை எண்ணினரும் அதனையே உண்டிருப்பர். நம் கருத்தில், உண்மையான அறச்சிக்கல் தொடக்கத்தில் அன்று, நடுவில் உள்ளது. ஒரு பக்கம் மரணம் தொடர, மறுபக்கம் எவரும் நோயுறாத நிலை எப்போது தெளிவாயிற்று? எத்தனையாவது சாவில் ஆய்வை நிறுத்தியிருக்க வேண்டும்? இதனைக் கேட்கும் பொறுப்பு எவர்க்கும் அளிக்கப்படவில்லை. ஆய்வைத் திட்டமிட்டவரும் நடத்தியவரும் முடிவுரைத்தவரும் ஒருவரே.

தொடர்ந்து 1907இல், கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டாண்டனும் நெகிரி செம்பிலானில் சாலை அமைத்த சுமார் 300 சாவகத் தொழிலாளரைக் கொண்டு இதே வினாவை ஆராய்ந்தனர். மனநோயாளர், ஒப்பந்தக் கூலிகள்: இவர்கள் அவ்விடத்தை விட்டு எளிதில் அகல இயலாதவர்கள். உணவைக் கட்டுப்படுத்தும் ஆய்வுக்கு அத்தகையோரே வசதியாயினர்.

அன்று ஓர் அறநெறிக் குழு இருந்திருந்தால்? மருத்துவர் மட்டுமே கொண்ட குழுவாயின், தயங்காது ஒப்புதல் அளித்திருக்கும் என்றே தோன்றுகிறது. தொற்றுக் கொள்கையில் ஊறியவர்க்கு அரிசி மாற்றம் தீங்கற்றதாகவே பட்டிருக்கும். குழு இருத்தல் மட்டும் போதாது, அதில் எவர் அமர்கிறார் என்பது பொருட்படுத்தத்தக்கது என்று நாம் கூறுவது இதனாலேயே. 1964இன் ஹெல்சிங்கி அறிக்கை 1975இல் திருத்தப்பட்டபோதுதான் ஆய்வுத் திட்டத்தைத் தனிக் குழுவொன்று பார்வையிட வேண்டும் என்னும் விதி அதில் இடம்பெற்றது. 1996இல் உருவான பன்னாட்டு நெறிநூல், ஐவருக்குக் குறையாத குழு, அவருள் அறிவியல் துறை சாராத ஒருவர், நிறுவனத்தைச் சாராத ஒருவர் என வரையறுத்தது. ஆய்வாளரிடமிருந்து விலகி நிற்பவரே வாக்களிக்கலாம் என்றது. தொடங்கிய ஆய்வைக் காலமுறையில் மீளாய்வு செய்யும் கடமையையும் குழுவின்மீது சுமத்தியது. மலேசியா 1999இல் தன் நெறிநூலை இதனைத் தழுவியே வெளியிட்டது.

துறைசாரா உறுப்பினர் பெயரளவில் அமர்த்தப்படுவதாகக் குறைகூறுவோர் உண்டு, அக்குறையில் உண்மையுமுண்டு. பேராசிரியர் ஐவர் நடுவே ஓர் ஆசிரியரோ சமூகப் பணியாளரோ 'எனக்கு இது விளங்கவில்லை' என்று கூறுதல் எளிதன்று. ஆயினும், அவர் அங்கு அமர்வது அதனைக் கூறுவதற்கே. குறிப்பாக, நோயாளியிடம் தரப்படும் இசைவுப் படிவத்தைப் பொறுத்தவரை அவருடைய வாசிப்பே மருத்துவரின் வாசிப்பினும் பயனுடையது. தமிழாசிரியர்க்கு இங்கு நேரடிப் பணியொன்று உள்ளது. 'சமவாய்ப்பு முறையில் ஒதுக்கீடு' என்னும் தொடர் கலைச்சொல் என்ற அளவில் பிழையற்றது. ஆனால், தோட்டத்தில் பிறந்து ஆறாம் வகுப்போடு நின்ற ஒருவர்க்கு அது எதனையும் உணர்த்தாது. 'உங்களுக்கு எந்த மருந்து என்பதை மருத்துவர் தேர்ந்தெடுப்பதில்லை. காசு சுண்டுவதுபோல் அது முடிவாகும்' என்று எழுதினால் அவர் மறுப்பதற்கும் வழி பிறக்கும். ஹெல்சிங்கி அறிக்கை 2024இல் திருத்தப்பட்டபோது 'ஆய்வுக்கு உட்படுத்தப்படுவோர்' என்னும் பொருளுடைய சொல்லை நீக்கிப் 'பங்கேற்போர்' என்பதை ஏற்றது. தமிழ்ப் படிவங்கள் இம்மாற்றத்தைப் பெற வேண்டுமாயின், அவற்றை மொழிபெயர்ப்பவர் குழு கூடுவதற்கு முன்னரே அழைக்கப்பட வேண்டும். ஒப்புதல் முத்திரை விழுந்தபின் அன்று.