கதவில் அறைந்த தகரச் சீட்டு

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே, ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஏழைத் தொழிலாளர் குடியிருந்த ஆயிரக்கணக்கான வீடுகளின் கதவுகளிற் சிறியதோர் உலோகத் தகடு அறையப்பட்டிருந்தது. அவ்வீட்டின் கொள்ளளவு எத்தனை கன அடி, அதனுள் எத்தனை பேர் உறங்கலாம் என்னும் இரண்டு கணக்குகளே அதிற் பொறிக்கப்பட்டிருந்தன. இவ்வீடுகள் 'சீட்டு வீடுகள்' எனப் பெயர் பெற்றன.

அதே நகரில் இன்றும், பலர் கூடிக் குடியிருக்கும் வீட்டை வாடகைக்கு விடுவோர் மாநகரசபையிடம் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும். தகரச் சீட்டுக்கும் இந்த அனுமதிப்பத்திரத்துக்கும் இடையே ஒன்றரை நூற்றாண்டு கால வரலாறு கிடக்கிறது. நெருக்கமான குடியிருப்பை ஒழுங்குபடுத்தப் போவதாகக் கூறிய சட்டம் உண்மையில் யாரைக் கட்டுப்படுத்தியது? வீட்டுச் சொந்தக்காரரையா, குடியிருந்தவரையா? இக்கேள்வியுடனேயே நாம் இவ்வரலாற்றை அணுகவேண்டும்.

1801ஆம் ஆண்டிற் கிளாஸ்கோவின் சனத்தொகை ஏறக்குறைய 77,000. 1861இல் அது நான்கு இலட்சத்தை நெருங்கிவிட்டது. பருத்தி ஆலைகளும் இரும்பு உலைகளும் கப்பல் கட்டுந் துறைகளும் உழைப்பாளரை வேண்டி நின்றன. மலைநாட்டிலே நிலப்பிரபுக்கள் ஆட்டு மந்தைகளுக்காகக் குடியானவரை வெளியேற்றினர். அயர்லாந்தில் 1845இற் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சம் இலட்சக்கணக்கானோரை ஊரை விட்டுத் துரத்தியது. இவ்வாறு வேரறுந்து வந்தவர்களை ஆலைகள் ஏற்றுக்கொண்டன. ஆனால் அவர்கள் எங்கே உறங்குவார்கள் என்பது ஆலை முதலாளிகளின் கவலையாக இருக்கவில்லை. செல்வர்கள் நகரின் மேற்குப் பகுதிக்குக் குடிபெயர்ந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற பழைய மாளிகைகள் தடுப்புச் சுவர்களாற் கூறுபோடப்பட்டு, ஓரறை வீடுகளாக வாடகைக்கு விடப்பட்டன.

நெரிசலோடு நச்சுக் காய்ச்சலும் வாந்திபேதியும் வந்தன. வறியவரின் சந்தில் தோன்றிய நோய் செல்வரின் வீதிக்கும் பரவும் என்ற அச்சம் ஆட்சியாளரைத் தட்டியெழுப்பியது. 1851இல் ஆஷ்லி பிரபுவின் முயற்சியாற் பிரித்தானியப் பாராளுமன்றம் பொது விடுதிகள் பற்றிய சட்டமொன்றை நிறைவேற்றியது. இரவுக் கூலிக்குப் படுக்கை கொடுக்கும் விடுதிகள் பதிவு செய்யப்படவும் பரிசோதிக்கப்படவும் அது வழிசெய்தது. விடுதிகளின் கதவைத் தட்டிய சட்டம் அடுத்துத் தொழிலாளர் குடும்பங்களின் கதவைத் தட்டியது. 1862ஆம் ஆண்டின் கிளாஸ்கோ பொலிஸ் சட்டம், மூன்று அறைகளுக்கும் 2,000 கன அடிக்கும் மேற்படாத வீடுகளை அளந்து சீட்டு அறையும் அதிகாரத்தை நகர ஆட்சிக்கு வழங்கியது. வளர்ந்தவர் ஒருவருக்கு 300 கன அடி. எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அதிற் பாதி. எட்டடி உயரமுள்ள அறையில் ஆறடி நீளமும் ஆறடி அகலமுங் கொண்ட இடத்தைவிட இது சற்றே பெரிது, அவ்வளவுதான். 1890இல் இவ்வளவு 400 கன அடியாக உயர்த்தப்பட்டது.

சீட்டிற் கண்ட எண்ணிக்கை மீறப்படுகிறதா என்பதைப் பகலில் அறிய முடியாது. ஆகவே சுகாதாரப் பரிசோதகர்கள் இரவிலே வந்தனர். நாள் முழுவதும் உலையருகே வெந்து வந்த மனிதரை நள்ளிரவில் எழுப்பி, தலைகளை எண்ணினர். எண்ணிக்கைக்கு மிஞ்சியவர்கள் கட்டிலின் கீழும் அலுமாரியினுள்ளும் கூரை மீதும் ஒளிந்தனர். பிடிபட்டால் வழக்கு; வழக்கின் முடிவில் அபராதம். அந்த அபராதத்தைச் செலுத்தியவர் பெரும்பாலும் அவ்வறையின் குடியிருப்பாளரே. ஓரறையைக் கூறுபோட்டு விற்றவரின் உறக்கத்தை எந்தப் பரிசோதகரும் கலைக்கவில்லை.

குடியிருப்பாளர் ஏன் தம் அறையை நிரப்பினர்? 1872 முதல் 1898 வரை கிளாஸ்கோவின் சுகாதார வைத்திய அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் பேர்ன் ரசல், 1888இல் 'ஓரறை வாழ்வு' என்னும் தலைப்பில் ஆற்றிய சொற்பொழிவிற் சில உண்மைகளை வெளியிட்டார். நகர மக்களில் 100க்கு ஏறக்குறைய 25 பேர் ஓரறை வீடுகளிலும், 45 பேர் ஈரறை வீடுகளிலும் வாழ்ந்தனர். ஓரறை வீடுகளில் 100க்கு 14 வீடுகளிலும், ஈரறை வீடுகளில் 100க்கு 27 வீடுகளிலும் குடும்பத்தாரல்லாத உபகுடியிருப்போர் இருந்தனர். ஐந்து வயது நிரம்புமுன் இறந்த குழந்தைகளில் 100க்கு 32 பேர் ஓரறை வீடுகளில் இறந்தனர். ஐந்தும் அதற்கு மேலும் அறைகளுள்ள வீடுகளில் இறந்தோர் 100க்கு இருவருமில்லை.

உபகுடியிருப்பவர் தரும் சில காசுகளே அக்குடும்பத்தின் வாடகையில் ஒரு பங்கு. அவரை வெளியேற்றினால் வாடகை தவறும்; வாடகை தவறினால் வீடு போகும். கூலி குறைவு, வாடகை அதிகம், வீடோ இல்லை. இம்மூன்றினாலும் விளைந்த நெரிசலைச் சட்டம் குடியிருப்பாளரின் ஒழுக்கக் குறைவாக எண்ணித் தண்டித்தது.

இதனாற் சுகாதாரச் சட்டங்கள் முற்றிலும் பயனற்றவை என நாம் கூறவில்லை. நீர் விநியோகமும் கழிவகற்றலும் நோய்த் தடுப்பும் எத்தனையோ உயிர்களைக் காத்தன. ரசல் போன்றோரின் மனிதாபிமானமும் ஐயத்துக்கு இடமற்றது. ஆயினும் அவர்களுக்குக் கட்டளையிட்ட சபைகளிலே சொத்துடையோரின் குரலே ஓங்கியிருந்தது. இலண்டனிலும் நிலைமை வேறல்ல. தொழிலாளர் வீடுகள் பற்றி விசாரித்த அரச ஆணைக்குழுவின் 1885ஆம் ஆண்டறிக்கை, கிளாக்கன்வெல் பகுதியின் உள்ளூர்ச் சபையில் வீடுகளைக் குத்தகைக்கெடுத்து அறையறையாக விடும் இடைத்தரகர்களே அங்கத்தவராயிருந்ததை வெளிப்படுத்தியது. விதிகளை அமுல்படுத்த வேண்டியவர்களே விதிகளுக்கு அஞ்ச வேண்டியவர்களாகவும் இருந்தனர்!

நிலைமையை மாற்றிய சக்தி வேறிடத்திலிருந்து வந்தது. முதலாம் உலகப் போரின்போது கிளாஸ்கோவின் ஆயுதத் தொழிற்சாலைகளுக்கும் கப்பற் துறைகளுக்கும் தொழிலாளர் திரண்டு வந்தனர். வீட்டுச் சொந்தக்காரர் வாடகையை உயர்த்தினர். 1915இற் கோவன் பகுதியின் பெண்கள் மேரி பார்பர் போன்றோரின் தலைமையில் உயர்த்திய வாடகையைச் செலுத்த மறுத்தனர். வெளியேற்ற வந்த அலுவலரை மணியடித்துக் கூடி விரட்டினர். நவம்பர் மாதமளவிற் போராட்டத்தில் இறங்கிய குடியிருப்பாளர் தொகை ஏறக்குறைய 20,000. அம்மாதம் 17ஆம் திகதி 18 குடியிருப்பாளர் நீதிமன்றத்துக்கு அழைக்கப்பட்டபோது, கப்பற் துறைத் தொழிலாளரும் வேலையை விட்டு ஊர்வலமாக வந்தனர். டிசம்பரிற் பாராளுமன்றம் வாடகையைப் போருக்கு முந்திய அளவிற் கட்டுப்படுத்தியது. 1919ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டங்கள் அரச உதவியுடன் வீடு கட்டும் பொறுப்பை உள்ளூராட்சிச் சபைகள் மீது சுமத்தின. மேரி பார்பர் 1920இற் கிளாஸ்கோ நகரசபைக்குத் தெரிவானார். அரை நூற்றாண்டு காலம் தலைகளை எண்ணிய நகரம் இனி வீடுகளைக் கட்டத் தொடங்கியது.

அவ்வெற்றி நிலைக்கவில்லை. 1980ஆம் ஆண்டுச் சட்டம் சபை வீடுகளைக் குடியிருப்போருக்கு விற்கும் வழியைத் திறந்தது. ஸ்கொட்லாந்தில் அவ்வழி 2016 வரை அடைபடவில்லை. 1988ஆம் ஆண்டுச் சட்டம் புதிய தனியார் குத்தகைகளின் வாடகையைச் சந்தையிடம் ஒப்படைத்தது. 2003இற் கிளாஸ்கோ மாநகரசபை தன்னிடம் எஞ்சியிருந்த 80,000க்கும் மேற்பட்ட வீடுகளைத் தனியானதொரு வீடமைப்புச் சங்கத்திடம் கையளித்தது. பொது வீடு குறையக் குறையப் பங்கு வீடு பெருகியது. மாணவரும் குறைந்த கூலி பெறுவோரும் குடிவரவாளரும் மீண்டும் அறையறையாக வாடகைக்கு அமர்ந்தனர்.

1991இல் இவ்வகை வீடுகளுக்கு அனுமதிப்பத்திர முறை கொணரும் அதிகாரம் ஸ்கொட்லாந்துச் சபைகளுக்கு அளிக்கப்பட்டது. ஆனால் அது விரும்பினாற் செய்யலாம் என்னும் அதிகாரமே. 1999 மார்ச் மாதத்திற் கிளாஸ்கோவின் நிலவறை வீடொன்றில் தீப்பற்றியது. சன்னல்களில் இரும்புக் கம்பிகள். புகையை அறிவிக்க வேண்டிய கருவி இயங்கவில்லை. இரு மாணவர்கள் வெளியேற வழியின்றி மாண்டனர். அதன் பின்னரே, 2000 ஒக்டோபரிலிருந்து, அனுமதிப்பத்திரம் கட்டாயமாயிற்று.

இன்றைய விதி பழைய சீட்டினின்றும் முக்கியமான ஒரு வகையில் வேறுபடுகிறது. ஒரே குடும்பத்தைச் சேராத மூவரோ அதற்கு மேற்பட்டோரோ கூடி வாழும் வீடுகளுக்கு, பத்திரம் பெறவேண்டியவர் வீட்டுச் சொந்தக்காரர். அவர் தகுதியுடையவரா, வீடு தீயினின்றும் பாதுகாப்பானதா என்பன ஆராயப்படுகின்றன. பத்திரமின்றி வாடகைக்கு விட்டால் 50,000 பவுண் வரை அபராதம் விதிக்கலாம். குடியிருப்போர் வாடகை செலுத்த வேண்டியதில்லை எனச் சபை கட்டளையிடவும் முடியும். சட்டத்தின் விரல் இறுதியில் உரியவரை நோக்கித் திரும்பியிருக்கிறது. இது சிறிய முன்னேற்றமன்று.

எனினும் பழைய சீட்டின் நிழல் முற்றாக மறையவில்லை. ஒரு பகுதியில் இத்தகைய வீடுகள் அளவுக்கு மிஞ்சிவிட்டன என்ற காரணத்தாலும் சபை பத்திரத்தை மறுக்கலாம். அயலவரும் ஆட்சேபிக்கலாம். வீட்டின் பாதுகாப்பை ஆராயப் பிறந்த விதி, எங்கள் வீதியில் மாணவரும் அந்நியரும் வேண்டாம் என்போரின் கருவியாகவும் இதனால் மாறக்கூடும். சொந்தக்காரரின் பத்திரம் பறிக்கப்படுமானால், குத்தகையை முடிப்பதற்கு அதுவும் சட்டம் ஏற்கும் ஒரு காரணம். குற்றம் ஒருவருடையது; வீதியில் நிற்பவர் மற்றொருவர்.

2023 நவம்பரிற் கிளாஸ்கோ மாநகரசபை வீடமைப்பு நெருக்கடி நிலையைப் பிரகடனஞ் செய்தது. பரிசோதகரும் பத்திரமும் தீயை அணைக்கும் கருவியும் அவசியமே. ஆனால் வெளியேற்றப்பட்டவர் சென்று தங்குவதற்கு வேறு வீடில்லாத நகரில், மிகச் சிறந்த விதியும் குடியிருப்பவரின் அச்சத்தைப் போக்காது. புகை எச்சரிக்கைக் கருவி பழுதென்று முறையிட்டால் வீடு போய்விடும் என அஞ்சும் மாணவர் முறையிடமாட்டார். அந்த அச்சத்தைப் போக்கக்கூடியவை இரண்டு: பொது உடைமையான வீடுகள், குடியிருப்போரின் ஒன்றுபட்ட பலம். கோவன் பகுதிப் பெண்கள் 1915இல் இவ்வுண்மையை நிலைநாட்டினர். அனுமதிப்பத்திரத்தை ஆதரிப்போர் அதனோடு இவ்விரண்டையுஞ் சேர்த்தே கோரவேண்டும்.